பத்தொன்பது குறைந்த எண்

உரும்பிராயில் இருக்கும் ஒரு தாய் ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறார். அது காணி உறுதியின் படமாக இருக்கலாம், வங்கிக் கணக்கு இலக்கமாக இருக்கலாம், வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டாக இருக்கலாம். பலாலி வீதிப் பக்கத்துக் கோபுரம் ஒன்றைப் பிடித்து, கொழும்புக்குப் போய், கடலடிக் கம்பிகளில் ஓடி, எந்த நாட்டிலோ உள்ள கணினிகளைக் கடந்து, கனடாவில் ஒரு கைத்தொலைபேசியில் அது விழுகிறது. வழியில் அது எத்தனையோ பேருடைய இயந்திரங்களைத் தொடுகிறது. ஆனாலும் உரையாடலின் தொடக்கத்தில், இந்த அரட்டையில் இருப்பவர்கள் மட்டுமே இதை வாசிக்க முடியும் என்ற அறிவிப்பு நிற்கிறது.

பூட்டிய பெட்டியைத் திறக்கத் திறப்பு வேண்டும். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே திறப்பு இருந்தால்தான் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் முடியும். இந்தத் தாயும் மகளும் அந்தத் திறப்பை எப்போது கைமாற்றிக்கொண்டார்கள்? அதே கம்பி வழியாக அனுப்பியிருந்தால், கம்பியில் காது வைத்திருப்பவனுக்கும் அது கிடைத்திருக்கும். நேரில் சந்தித்துக் கொடுக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவே, சத்தமாகப் பேசியே, இரண்டு பேர் ஓர் இரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்குப் பின்னால் ஒரு பெரிய முதன்மை எண் இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த ஒரே எண்ணைப் பற்றியது.

எழுபத்தேழு இலக்கங்கள்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் முதன்மை எண். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதைப் பகா எண் என்பார்கள். 2, 3, 5, 7, 11, 13 என்று தொடங்கும் இந்த வரிசைக்கு முடிவில்லை என்று 2300 ஆண்டுகளுக்கு முன்னரே யூக்ளிட் நிறுவிவிட்டார். வேறு எண்களால் வகுபடுவன சேர்த்தி எண்கள்.

நம்முடைய எண் இதோ:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

77 இலக்கங்கள். பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிய இலக்கங்கள் போலத் தெரியும். ஆனால் இதைச் சொல்ல ஒரு வரி போதும். 255 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள். வரும் விடையிலிருந்து 19ஐக் கழியுங்கள். இரண்டை இப்படித் திரும்பத் திரும்பப் பெருக்கி வரும் எண்களை இரண்டின் வலுக்கள் என்போம். அதாவது இது, இரண்டின் 255ஆம் வலுவில் பத்தொன்பது குறைந்த எண்.

உலகில் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய முதன்மை எண் 2024 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டின் 136279841ஆம் வலுவில் ஒன்று குறைந்த அந்த எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். அதற்குப் பக்கத்தில் நம்முடைய எண் மிகச் சிறியது. ஆனால் உழைப்பில் நம் எண்ணை மிஞ்ச வேறு பெரிய முதன்மை எண் இல்லை என்றே சொல்லலாம். 2005இல் டானியல் பேர்ண்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் இந்த எண்ணின்மீது 'கேர்வ் 25519' என்ற முறையைக் கட்டினார். பெயரிலேயே 255உம் 19உம் இருக்கின்றன. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் இப்படிப்பட்ட பூட்டைக் கொண்டுவந்தபோது பயன்படுத்தியது இந்த முறையைத்தான். இன்று இணையத்தளங்களுக்கும் உலாவிகளுக்கும் இடையிலான பூட்டுகளில் பெரும்பங்கு இதிலேயே நிற்கிறது.

மிஞ்சுவதை மட்டும் பார்ப்போம்

எழுபத்தேழு இலக்க எண்ணைப் பற்றி மனிதர் கையால் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா? தாராளமாக முடியும். அதற்கு ஒரே ஒரு கருவி போதும்: மீதி.

தோட்டத்தில் பிடுங்கிய வெங்காயத்தை ஏழேழாகக் கட்டினால், கடைசியில் கட்டுக்குப் போதாமல் சில மிஞ்சும். எத்தனை கட்டு என்பதை மறந்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் பார்ப்பதே மீதிக் கணக்கு. அதன் அழகு இதுதான்: பெருக்கிவிட்டு மீதி எடுத்தாலும், முதலில் மீதி எடுத்துவிட்டுப் பெருக்கினாலும் விடை ஒன்றே. ஆகவே எண்ணைப் பெரிதாக வளரவிடாமல், ஒவ்வொரு படியிலும் வெட்டிக்கொண்டே போகலாம்.

இரண்டின் வலுக்களை 7ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 2, 4, அடுத்தது 8. அதன் மீதி 1. பிறகு மறுபடியும் 2, 4, 1. மூன்று படிக்கு ஒருமுறை சுற்று முடிகிறது. 255 மூன்றால் வகுபடும். ஆகவே 255ஆம் வலு ஒரு சுற்றின் முடிவில் விழும். அதன் மீதி 1. பெரிய எண்ணைத் தொடாமலே அதை 7ஆல் வகுத்துவிட்டோம்.

இதை மீதிச் சுற்று என்று அழைப்போம். இனி வருவன எல்லாம் இதைக் கொண்டே நடக்கும்.

வெளியேறிய ஒன்பது பேர்

பேர்ண்ஸ்டைன் ஏன் பத்தொன்பதைக் கழித்தார்? ஒன்றையோ மூன்றையோ கழித்திருக்கக் கூடாதா? தாளும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே பார்த்துவிடலாம்.

இரண்டின் வலு இரட்டை எண். அதிலிருந்து இரட்டை எண்ணைக் கழித்தால் இரட்டையே வரும். அது 2ஆல் வகுபடும். ஆகவே ஒற்றை எண்களை மட்டும் கழித்துப் பார்த்தால் போதும். பத்தொன்பதுக்கு முன்னே நிற்பவை 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17 என்ற ஒன்பதும்தான்.

7இன் சுற்றில் மீதி 1 என்று கண்டோம். ஆகவே 1ஐக் கழித்தால் வரும் எண் 7ஆல் மீதியின்றி வகுபடும். அதிலிருந்து இன்னும் இரண்டு ஏழைக் குறைத்து 15ஐக் கழித்தாலும் அதே கதிதான். 1உம் 15உம் வெளியே.

3ஆல் வகுத்தால் சுற்று 2, 1, 2, 1 என்று போகும். 255 ஒற்றை, மீதி 2. ஆகவே 3ஆல் வகுக்கும்போது மீதி 2 தரும் எந்த எண்ணைக் கழித்தாலும் விடை 3ஆல் வகுபடும். 5, 11, 17 மூன்றும் அப்படிப்பட்டவை. அவையும் வெளியே.

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். இரண்டின் வலுக்கள் 2, 4, 8, 6 என்ற இலக்கங்களில் மாறிமாறி முடியும். 255ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. ஆகவே நம் வலு 8இல் முடிகிறது. 3ஐயோ 13ஐயோ கழித்தால் விடை 5இல் முடியும், 5ஆல் வகுபடும். 3உம் 13உம் வெளியே.

17ஆல் வகுத்தால் சுற்று 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று எட்டுப் படிகளில் முடிகிறது. 255ஐ எட்டால் வகுத்தால் மீதி 7. ஏழாவது இடத்தில் நிற்பது 9. ஆகவே 9ஐக் கழித்தால் 17ஆல் வகுபடும். 9உம் வெளியே.

எஞ்சியது 7 மட்டும். இது இலகுவில் பிடிபடாது. 3, 5, 7, 11, 13 என்று ஒவ்வொரு முதன்மை எண்ணாகச் சோதித்தால், நூறு தாண்டும்வரை ஒன்றும் அகப்படாது. 107இல் அகப்படும். 107இன் மீதிகளில் இரண்டின் வலுக்களைப் பாருங்கள்.

7ஆம் வலு 128, மீதி 21.
14ஆம் வலு 21ஐ 21ஆல் பெருக்கியது, அதாவது 441, மீதி 13.
28ஆம் வலு 13ஐ 13ஆல் பெருக்கியது, அதாவது 169, மீதி 62.
42ஆம் வலு 62ஐ 13ஆல் பெருக்கியது, அதாவது 806, மீதி 57.
43ஆம் வலு 57இன் இருமடங்கு, அதாவது 114, மீதி 7.

இன்னும் பத்துப் படி ஏறுவோம். 10ஆம் வலு 1024, மீதி 61. 7ஐ 61ஆல் பெருக்கினால் 427, மீதி 106. ஆகவே 53ஆம் வலுவின் மீதி 106; அதாவது 107க்கு ஒன்று குறைவு. அதை அதனாலேயே பெருக்கினால் 106ஆம் வலு. அதன் மீதி 1. சுற்று முடிந்தது. 255 என்பது இரண்டு 106உம் ஒரு 43உம். இரண்டு முழுச் சுற்றுப் போய் 43ஆம் இடத்தில் நிற்கிறோம். அங்கே மீதி 7. ஆகவே 7ஐக் கழித்தால் வரும் எண் 107ஆல் மீதியின்றி வகுபடும்.

ஒன்பதும் வெளியேறிவிட்டன. 77 இலக்க எண்கள் ஒன்பதைச் சேர்த்தி எண்கள் என்று, அவற்றை எழுதிக்கூடப் பார்க்காமல், சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டோம். இரண்டின் 255ஆம் வலுவுக்குக் கீழே இருக்கும் மிகப் பெரிய முதன்மை எண் 19 கழித்து வருவதுதான். ஆனால் அது முதன்மை என்பதை இன்னும் காட்டவில்லை.

முதன்மை என்று எப்படி உறுதிசெய்வது?

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பது நடக்காது. 39 இலக்க எண்கள் வரையில் போக வேண்டும். ஒரு கணினி செக்கனுக்கு இலட்சம் கோடி எண்களைச் சோதித்தாலும், பிரபஞ்சத்தின் இதுவரையான வயதைப் போல் ஐம்பது கோடி மடங்குக்கு மேற்பட்ட காலம் வேண்டும்.

வேறு வழியை 1640இல் பியேர் டி ஃபெர்மா ஒரு கடிதத்தில் எழுதினார். மேலே 107இல் கண்டதுதான் அது: முதன்மை எண் ஒன்றை எடுத்து, அதில் ஒன்றைக் குறைத்து, இரண்டை அத்தனையாம் வலுவுக்கு உயர்த்தினால், மீதி எப்போதும் 1. (இரண்டு என்ற முதன்மை எண்ணுக்கு மட்டும் இது பொருந்தாது.) 107க்கு 106ஆம் வலு, 7க்கு 6ஆம் வலு, அதாவது 64, மீதி 1. மீதி 1 வராவிட்டால் அந்த எண் முதன்மை அல்ல என்பது நிச்சயம்.

எழுபத்தேழு இலக்கம் கொண்ட வலுவுக்கு உயர்த்துவது எப்படி என்று மலைக்க வேண்டாம். 7, 14, 28 என்று இரட்டித்துப் போனது போலவே போகலாம். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு பெருக்கல். நம் எண்ணுக்கு மொத்தம் ஐந்நூறு பெருக்கல் அளவில் வேலை முடிந்துவிடும். கைத்தொலைபேசிக்கு இது கண்ணிமைக்கும் நேரம்.

ஆனால் இந்தச் சோதனை சிலவேளை ஏமாறும். 341ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 11ஐ 31ஆல் பெருக்கி வருவது. இருந்தும் இரண்டின் 340ஆம் வலு 341இல் மீதி 1 தருகிறது. ஆகவே மீதி 1 என்பது மட்டும் போதாது. சுற்று முன்னரே முடிந்துவிடவில்லை என்பதையும் காட்ட வேண்டும். 107க்கு அதைச் செய்து பார்க்கலாம். 106 என்பது 2ஐ 53ஆல் பெருக்கியது. சுற்று இடையில் முடிவதென்றால் 53ஆம் படியிலோ 2ஆம் படியிலோ மீதி 1 வந்திருக்க வேண்டும். 53இல் வந்தது 106. 2இல் வந்தது 4. எனவே சுற்றின் நீளம் சரியாக 106. 1 முதல் 106 வரையுள்ள எல்லா எண்களும் ஒவ்வொரு தடவை வந்துபோகின்றன. சேர்த்தி எண்ணில் இது நடக்கவே முடியாது. ஆகவே 107 முதன்மை. இந்தச் சில வரிகளே 107க்கான சான்றிதழ்.

இப்படி ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் ஒரு சிறிய சான்றிதழ் உண்டு என்று 1975இல் வோன் பிராட் காட்டினார். நம் பெரிய எண்ணில் ஒன்றைக் குறைத்தால், அது 4, 3, 65147, பிறகு 71 இலக்கங்கள் கொண்ட ஒரு முதன்மை எண் ஆகியவற்றின் பெருக்கமாக உடைகிறது. அந்த 71 இலக்க எண்ணுக்கும் ஒரு சான்றிதழ், அதன் காரணிகளுக்கு இன்னொன்று என்று படியிறங்கி வந்தால், முழு நிறுவலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

இந்தச் சான்றிதழைச் சரிபார்ப்பது சுலபம். தேடிப் பிடிப்பதற்குக் காரணிகளாக உடைக்க வேண்டும், அது கடினம். எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஊகம் எதுவும் இல்லாமல், நியாயமான நேரத்தில் முதன்மையா என்று தீர்ப்புச் சொல்லும் வழிமுறை உண்டா என்ற கேள்வி நெடுநாள் திறந்தே கிடந்தது. 2002 ஓகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டம் முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் அதற்கு விடை கண்டார்கள். ஃபெர்மாவின் கூற்றை எண்களிலிருந்து பல்லுறுப்பிகளுக்கு விரித்ததே அவர்களுடைய திறவுகோல். அவர்களின் கட்டுரை சிறியது. கணிதத்தில் நல்ல பட்டதாரி ஒருவர் வாசித்துப் பின்தொடரக்கூடியது. 2006இல் அதற்கு கோடெல் பரிசு கிடைத்தது.

தேடினால் கிடைக்குமா?

பெரிய எண்களின் காட்டில் முதன்மை எண்கள் அரிதாகிக்கொண்டே போகின்றன. அப்படியானால் 255ஆம் வலுவுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும் என்று நம்பித் தேடியது எந்தத் துணிச்சலில்?

ஒன்றை விடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு முதன்மை எண்ணாவது இருக்கும் என்று 1845இல் பெர்திரான் ஊகித்தார். செபிஷேவ் அதை நிறுவினார். 1919இல், தம் வாழ்வின் கடைசிக் காலத்தில், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் இரண்டே பக்கத்தில் மிகச் சுருக்கமான ஒரு நிறுவலை வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையில் இரண்டு முதன்மை எண்கள் வேண்டுமா? 11 முதல் எப்போதும் உண்டு. மூன்று வேண்டுமா? 17 முதல். நான்கு? 29 முதல். ஐந்து? 41 முதல். இந்த எண்களை இன்று இராமானுஜன் முதன்மை எண்கள் என்கிறோம்.

எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதற்கும் 1896இல் நிறுவப்பட்ட ஒரு விதி விடை சொல்கிறது. 77 இலக்கப் பக்கத்தில் சராசரியாக 177 எண்களுக்கு ஒன்று முதன்மை. ஒற்றை எண்களை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 88க்கு ஒன்று. நாம் பத்தாவது ஒற்றை எண்ணிலேயே கண்டுவிட்டோம். இந்த அதிர்ஷ்டத்துக்கு ஒரு பலன் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கூட்டத்தின் நடுவே பிறக்கும் திறப்பு

இப்போது தாயும் மகளும். 77 இலக்கத்துக்குப் பதிலாக 107ஐ வைத்துச் செய்து பார்ப்போம். 107 என்பதும் 2 என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒளிவில்லை.

தாயின் தொலைபேசி தனக்குள் ஓர் இரகசிய எண்ணை எழுமாற்றாக எடுக்கிறது: 7. இரண்டின் 7ஆம் வலுவின் மீதி 21. அந்த 21ஐ வெளிப்படையாக அனுப்புகிறது.

மகளின் தொலைபேசி 6 என்ற இரகசியத்தை எடுக்கிறது. இரண்டின் 6ஆம் வலு 64. அந்த 64ஐ வெளிப்படையாக அனுப்புகிறது.

தாய் தமக்கு வந்த 64ஐத் தம் இரகசியமான 7ஆம் வலுவுக்கு உயர்த்துகிறார். 64ஐ 64ஆல் பெருக்கினால் மீதி 30. அதை அதனாலேயே பெருக்கினால் 44. 44ஐ 30ஆல் பெருக்கினால் 36. அதை 64ஆல் பெருக்கினால் 57.

மகள் தனக்கு வந்த 21ஐத் தன் இரகசியமான 6ஆம் வலுவுக்கு உயர்த்துகிறாள். 21ஐ 21ஆல் பெருக்கினால் 13. அதை அதனாலேயே பெருக்கினால் 62. 62ஐ 13ஆல் பெருக்கினால் 57.

இருவர் கையிலும் 57. அது எந்தக் கம்பியிலும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வரக் காரணம் எளிது: ஏழை ஆறு தடவை எடுத்தாலும், ஆறை ஏழு தடவை எடுத்தாலும் 42தான், இருவரும் வந்து சேர்ந்த இடம் இரண்டின் 42ஆம் வலு. ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைத்தவை 107, 2, 21, 64 மட்டும். 21 எந்த வலுவில் வந்தது என்பதை அவன் கண்டுபிடிக்க வேண்டும். மீதிகள் ஏறியும் இறங்கியும் ஒழுங்கின்றிப் போவதால், விடையைப் பார்த்து வலுவை ஊகிக்க முடியாது. 107இல் அவன் 106 தடவை முயன்றால் போதும். 77 இலக்கத்தில் இப்படி ஒவ்வொன்றாக முயல அவன் வாழ்நாள் போதாது.

1976இல் விற்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட முறை இது. கேர்வ் 25519 இதையே இன்னொரு மேடையில் செய்கிறது. எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதற்குப் பதிலாக, நீள்வளைய வளையி எனப்படும் ஒருவகை வளைகோட்டின் மீது ஒரு புள்ளியைத் திரும்பத் திரும்பத் தன்னோடு கூட்டுகிறது. அந்தக் கூட்டலுக்குள் நடக்கும் பெருக்கலும் வகுத்தலும் எல்லாமே நம் முதன்மை எண்ணின் மீதிகளில் நடக்கின்றன. வளையியில் ஒழுங்கின்மை இன்னும் கூடுதல். அதனால்தான் 77 இலக்கமே போதுமாகிறது. அதை உடைக்க இன்று தெரிந்த மிகச் சிறந்த வழிக்கும் 38 இலக்க எண்ணிக்கையில் படிகள் வேண்டும்.

ஏன் முதன்மை? ஏன் பத்தொன்பது?

மீதிக் கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எப்போதும் நடக்கும். வகுத்தல் அப்படியல்ல. 107இன் மீதிகளில் 2ஆல் வகுக்க வேண்டுமா? 54ஆல் பெருக்குங்கள்; ஏனென்றால் 2ஐ 54ஆல் பெருக்கினால் 108, மீதி 1. 106இன் மீதிகளில் இதைச் செய்ய முடியாது. அங்கே 2ஐ எதால் பெருக்கினாலும் இரட்டை மீதியே வரும். 1 ஒருபோதும் வராது. முதன்மை எண்ணின் மீதிகளில் பூச்சியம் தவிர்ந்த எதனாலும் வகுக்கலாம். வளையியின் கணக்குகளுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும்.

பத்தொன்பதின் பலன் வேகம். இதைப் பத்தின் வலு ஒன்றில் பார்த்தால் உடனே விளங்கும். 4375ஐ 97ஆல் வகுத்தால் மீதி என்ன? 97 என்பது நூறில் மூன்று குறைவு. ஆகவே 97இன் மீதிகளில் ஒவ்வொரு நூறும் மூன்றுக்குச் சமம். 43 நூறுகளுக்கு 129. அதோடு 75ஐச் சேர்த்தால் 204. இரண்டு நூறுகளுக்கு 6, அதோடு 4, மொத்தம் 10. அதுதான் மீதி. வகுக்கவே இல்லை.

கணினி இரண்டின் வலுக்களில் எண்ணுகிறது. நம் எண்ணின் மீதிகளில், இரண்டின் 255ஆம் வலு 19க்குச் சமம். பெருக்கி வரும் நீண்ட எண்ணில் மேலே வழிகின்ற பகுதியை வெட்டி, 19ஆல் பெருக்கி, கீழ்ப் பகுதியோடு கூட்டினால் முடிந்தது. கழிக்கும் எண் சிறிதாக இருக்க இருக்க இந்த வேலை இலகுவாகும். சராசரியை விடப் பல மடங்கு அருகிலேயே ஒரு முதன்மை எண் நின்றது என்ற அதிர்ஷ்டம், மலிவான கைத்தொலைபேசிக்கும் இந்தப் பாதுகாப்பைக் கட்டுப்படியாக்கியது.

காரணம் சொல்லும் எண்

இந்த எண்ணை நான் நேசிப்பதற்கு வேகத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இது தன்னைத் தெரிந்தெடுத்த காரணத்தை வெளியில் சொல்கிறது.

பாதுகாப்பு முறைகளில் பெரிய எண்கள் பலவற்றை நிறுவனங்கள் தாமே தீர்மானித்துக் கொடுத்துவிடுகின்றன. எங்கிருந்து வந்தன என்ற விளக்கம் சிலவேளை இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஓர் எண்ணுக்குள், கொடுத்தவர் மட்டும் அறிந்த இரகசிய வாசல் இருக்கலாம். 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் பின், அமெரிக்கத் தரநிலையில் இருந்த எழுமாற்று எண் முறையொன்றின் மீது இந்தச் சந்தேகம் வலுத்து, 2014இல் அது கைவிடப்பட்டது.

இரண்டின் 255ஆம் வலுவுக்குக் கீழே மிகப் பெரிய முதன்மை எண் என்று சொன்னால், அங்கே ஒளித்துவைக்க இடமில்லை. யார் தேடினாலும் 19இல்தான் வந்து நிற்பார்கள். தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமல் 1990களில் வருடக்கணக்கில் வாழ்ந்து, கடிதங்கள் பல கைகளைக் கடந்து பிரித்த உறையோடு வந்து சேர்ந்ததைப் பார்த்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு, யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாமல் நிற்கும் இரகசியத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. இங்கே நம்பிக்கை எந்த அரசிடமிருந்தும் எந்தக் கம்பனியிடமிருந்தும் வரவில்லை; ஒன்பது வகுத்தல்களிலிருந்தும் ஒரு சான்றிதழிலிருந்தும் வருகிறது.

எண்ணால் முடியாதவை

இந்த எண் காப்பது செய்தியின் வழியை மட்டும். தொலைபேசியையே ஒருவர் பறித்துத் திறந்தால் எண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு சிக்கல்: தாயிடம் வந்த 64 உண்மையிலேயே மகளிடமிருந்து வந்ததா, நடுவில் நின்றவன் தன் எண்ணை மாற்றி அனுப்பினானா? இதைச் சோதிக்கத்தான் வட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்பின் விபரத்துக்குள்ளும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. இரு பக்கத்திலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை. குரல் அழைப்பில் ஒருமுறை வாசித்து ஒப்பிட்டுக்கொள்வது எல்லோரும் செய்ய வேண்டிய நல்ல பழக்கம்.

எதிர்காலத்தில் போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று கட்டப்பட்டால், மீதிச் சுற்றுகளின் நீளத்தை அது விரைவாகக் கண்டுவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அன்று இந்தப் பூட்டும் திறக்கும். அதற்கு முன்னேற்பாடாக, வேறு வகைக் கணிதத்தை இதனோடு சேர்த்துப் பூட்டும் முறையைச் சிக்னல் என்ற செய்திச் செயலி 2023இல் கொண்டுவந்தது. ஆனால் பூட்டு மாறினாலும் எண் மாறாது. அது முதன்மை என்பது எந்தக் கணினியாலும் அழிக்க முடியாத உண்மை.

உங்கள் பங்குக்கு

ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்றோடு முடிக்கிறேன். பத்தொன்பதைத் தாண்டிப் போங்கள். 255ஆம் வலுவிலிருந்து 21ஐக் கழித்தால் என்ன ஆகும்? 11இன் மீதிச் சுற்றை எழுதுங்கள். அது பத்துப் படிகளில் முடியும். 23க்கும் 29க்கும் இந்த அத்தியாயத்தில் கண்ட சுற்றுகளே போதும். 27க்கு ஒரு புதிய சுற்று வேண்டும். அதன் நீளம் 18. எந்த முதன்மை எண்ணின் சுற்று அது என்பதை உங்களிடமே விடுகிறேன். 25 கடுமையானது; விடாமுயற்சி உள்ளவர்களுக்கு அது. அடுத்த முதன்மை எண் 31ஐக் கழிக்கும்போது வருகிறது.

எழுபத்தேழு இலக்கங்கள் நம் கைக்கு எட்டாதவை என்று தொடக்கத்தில் தோன்றியிருக்கலாம். மூன்றையும் ஐந்தையும் ஏழையும் வகுக்கத் தெரிந்த ஒருவருக்கு அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள்.